குளிசை வரிசை

மகரகமவுக்குப் போகும் 138இல்
யன்னல் கரை கிடைத்தால்
அன்றைக்கு வாந்தி வராது என்று ஒரு நம்பிக்கை.
விஞ்ஞானம் இல்லை. டொக்டரிடம் சொன்னதும் இல்லை.

இரண்டாம் செவ்வாய். இலக்கம் நாற்பத்தேழு.
வாங்கின் நுனியில் செய்தித்தாளை விரித்து
மிராண்டா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.
"உம்மைப் பார்த்தால்
இரவு முழுக்க அழுத ஆள் மாதிரி இருக்கு."

அழவில்லை.
நானூறு மில்லிகிராம், காலைச் சாப்பாட்டோடு ஒன்று.
விடியும்போது கண்மடல்கள்
தேத்தண்ணியில் ஊறிய பாண் துண்டுகள்.
கந்தோரில் மூன்று பேர்
என் மனுசனைத் தப்பாக நினைத்துவிட்டார்கள்.
ஒருத்தி கழிப்பறை வாசலில் மறித்து
அடிபட்ட பெண்களுக்கு உதவும் இடத்தின்
தொலைபேசி இலக்கத்தைக் கைக்குள் திணித்தாள்.
மறுக்க மனம் வரவில்லை.
பேர்ஸில் இருக்கிறது இன்னும்.

மிராண்டாவுக்கும் முதலில் இதே குளிசைதான்.
இரண்டு வருடம் அதன் சொல்லைக் கேட்டு அடங்கிக் கிடந்த கட்டி
பிறகு கேட்கவில்லை.
இப்போது மற்றது:
நாலு கிழமை விழுங்கு, இரண்டு கிழமை விடு.
தொப்பியைக் கழற்றிக் காட்டினார்.
விழுங்கிய கிழமைகளில் முளைத்த மயிர் வெள்ளை,
விட்ட கிழமைகளில் முளைத்தது கறுப்பு,
திரும்ப வெள்ளை.
ஏழு மாதமாக முடி வெட்டவில்லையாம்,
எண்ணிப் பார்க்க ஆசை.
"ரயில் கடவை மரம் மாதிரி" என்றேன்.
"சிரிக்க வைக்காதேயும், வாயெல்லாம் புண்."

அவருக்கு அந்தப் பக்கம் நிலூஃபா, மாளிகாவத்தை.
மூன்றாவது குளிசை.
பள்ளிக்கூடத்து வரவு இயந்திரம் அவளை அடையாளம் காண்பதில்லை:
விரல் நுனித் தோல் உரிந்து, ரேகை போய்,
ஒவ்வொரு காலையும் "மீண்டும் முயற்சிக்கவும்".
உள்ளங்காலில் கொப்புளம்,
செருப்புக்குள் பஞ்சு.
குரல் எங்கோ இறங்கிப் போய்
டோஹாவில் இருக்கும் மகள்
"யார் பேசுறது, உம்மா எங்கே?" என்று கேட்டாளாம்.

எதிர்க் கதிரையில் ஒரு புது ஆள்,
கைபடாத கோப்பு, கசங்காத சேர்ட்.
"மூன்றில் எது பரவாயில்லை?"
புறக்கோட்டையில் அரிசி விலை கேட்கிற மாதிரி.

சொன்னோம். பேரம்கூடப் பேசினோம்.
என் கண் வீக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கோ,
உங்கள் மஞ்சள் தோலைத் தாருங்கோ.
நடுச்சாமத்துக் குரக்கைக்கு
இரத்த அழுத்தம் சரிவருமா?
அவரும் சிரித்தார், பாவம்,
எதையோ குறித்துக்கொண்டார்.

சொல்லாமல் விட்டது ஒன்று:
இது கடை இல்லை, விரும்பியதை எடுத்துப் போக.
ஒன்று கைவிட்டால்தான் அடுத்தது.
மிராண்டாவின் வாய்ப்புண்ணை நான் கேட்பது
அவர்மேல் உள்ள அக்கறையில் மட்டும் இல்லை.
அவர் நிலூஃபாவின் கால்களைப் பார்ப்பதும் அப்படியே.
நிலூஃபா
யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.
அவளுக்கு அந்தப் பக்கம் சுவர்,
அதில் சிங்களத்தில் ஏதோ அறிவித்தல்,
பாதி கிழிந்தது.

நாற்பத்தேழு.
ஸ்கானைப் பார்த்த டொக்டர்
"அப்படியே இருக்கு, தொடருங்கோ" என்றார்.
மூன்று நிமிடம்.
வெளியே வந்து அதை அவர்களிடம்
எந்த முகத்தோடு சொல்வது என்று தெரியாமல்
வீங்கிய இந்த முகத்தோடேயே சொன்னேன்.
நிலூஃபா என் கையைப் பிடித்தாள்.
வழவழப்பான விரல்கள், ரேகையில்லாதவை,
இலேசாக, அவளுக்கு நோகாமல்.

கிருலப்பனைச் சந்தியில் இறங்கியதும்
இடது கெண்டைக்காலில் குரக்கை.
செவ்விளநீர் வண்டிலைப் பிடித்தபடி
பல்லைக் கடித்து நின்றேன்.
"மிஸ், சுகமில்லையா?"
இல்லை, இது பழசுதான்.
முதலாம் குளிசையின் வலி.
இன்னும் முதலாம் குளிசையின் வலி.
ஒன்று வெட்டித் தாங்கோ என்றேன்,
கால் விடும்வரை
நின்றே குடிக்கிறேன்.